கிணற்றடியில் நட்ட கல்யாணக் கொம்பு

கல்யாண முருங்கைக்கும் நாம் சாம்பாரில் போடும் முருங்கைக்கும் எந்த உறவும் கிடையாது. இது அவரை, துவரை வகையைச் சேர்ந்த மரம். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும். நடு இலை மற்ற இரண்டையும்விடப் பெரியது. அரச இலையைப் போல அகலமாக இருக்கும், அதன் வால் மட்டும் இருக்காது. இளங்கொம்பு முழுவதும் கறுப்பு முள். அதனால் முள்முருங்கை என்றும் சொல்வார்கள். மரம் முதிர முதிர அடியிலுள்ள முள் உதிர்ந்து, சாம்பல் நிறப் பட்டையில் நீளவாக்கில் வெளிறிய கோடுகள் தெரியும். கட்டையில் கனமே இல்லை. தச்சர்கள் சீண்ட மாட்டார்கள். தேங்காய்த்திட்டு மீனவர்கள் வலைக்கு மிதவை செதுக்க வாங்கிப் போவார்கள். இலையைப் பச்சரிசியோடும் மிளகோடும் அரைத்து அடை தட்டினால் சளிக்கு நல்லது. வெற்றிலைக் கொடி ஏறுவதற்கும் இதை நடுவார்கள்.

புதுச்சேரியில் நாங்கள் இருந்த வீட்டின் கிணற்றடியில் இந்த மரம் ஒன்று நின்றது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் மனைவியைப் பற்றி எழுதாமல் முடியாது.

எங்கள் கல்யாணம் 1955ஆம் வருஷம் தை மாதக் கடைசியில் நடந்தது. ஊர் இந்தியாவோடு சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஆனால் நான் வேலை பார்த்த மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், எழுத்தெல்லாம் இன்னும் பிரெஞ்சில்தான். பிறப்பு, இறப்பு, திருமணம் மூன்றையும் பதிகிற பிரிவில் நான் குமாஸ்தா. என் கல்யாணத்தை என் பக்கத்து நாற்காலிக்காரர்தான் எழுதினார். பேனாவை மூடிவிட்டு, பிரெஞ்சு மரியாதையில் என்னை விளித்து, "முசே, அடுத்த வருஷம் இதே நேரத்துக்குப் பக்கத்து புஸ்தகத்துல ஒரு பக்கம் ஒதுக்கி வெக்கட்டுமா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்துப் புத்தகம் பிறப்புப் பதிவேடு. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

எங்கள் வகையறாவில் கல்யாணப் பந்தலுக்குள் அரசாணிக்கால் என்று ஒன்று நடுவார்கள். அரசங்கொம்பும் கல்யாண முருங்கைக் கொம்பும் சேர்த்துக் கட்டி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மணமக்கள் அதைச் சுற்றி வருவார்கள். பந்தல் பிரித்த பிறகு முருங்கைக் கொம்பைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் நடுவது வழக்கம். புதுப்பெண் தினமும் அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொம்பு துளிர்த்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். இந்த மரம் வெட்டி நட்டாலே பிழைக்கிற ஜாதி. அதனால்தான் இதைத் தேர்ந்தெடுத்தார்களோ என்னவோ. பெரும்பாலும் துளிர்த்துவிடும், எல்லோருக்கும் மனசு குளிர்ந்துவிடும்.

எங்களுடையதும் துளிர்த்தது. பங்குனிக் கடைசியில் கணுக்களில் பச்சை தெரிந்தது. என் அம்மா அதைத் தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். அப்பா காலமாகி நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. பிறந்த ஐந்து பேரில் நான் கடைசி. மற்றவர்கள் கல்யாணமாகி வெளியூர்களில் இருந்தார்கள். அந்த வீட்டில் அம்மா, நான், என் மனைவி, மூன்று பேர்தான். என் மனைவி தவளக்குப்பத்துப் பெண். அவள் அண்ணனுக்கு வெற்றிலைத் தோட்டம் இருந்தது. விடியற்காலையில் பெரிய மார்க்கெட்டுக்கு வெற்றிலைக் கட்டு கொண்டுவந்து போட்டுவிட்டு, போகிற வழியில் தங்கையை ஒரு நடை பார்த்துவிட்டுப் போவார்.

1956 ஆடியில் முதல் கர்ப்பம் மூன்று மாதத்தில் கலைந்தது. "மொதல் பூவு உதுர்றதுதான், வுடு" என்றாள் அம்மா. சித்த வைத்தியர் ஒருவர் முள்முருங்கை இலைச்சாறு குடிக்கச் சொன்னார். பெண்களின் வயிற்றுக் கோளாறுகளுக்கெல்லாம் அதைக் கொடுப்பது உண்டு. கரு தங்கும் என்ற நம்பிக்கையும் உண்டு. அம்மா விடிந்ததும் கிணற்றடி மரத்திலிருந்து இலை பறித்து, இடித்துப் பிழிந்து, ஒரு டம்ளரில் கொண்டுவந்து வைப்பாள். என் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போவாள், காலி டம்ளரோடு வருவாள்.

அடுத்த வருஷம் தெருவில் ஒரு கல்யாணம். எதிர்வீட்டு அம்மாள் தன் மூத்த மகன் கல்யாணத்துக்கு எங்கள் மரத்திலிருந்து ஒரு கொம்பு கேட்டு வந்தார். மரம் அதற்குள் ஓட்டுக்கூரையைத் தொட்டிருந்தது. கொடுக்க மறுப்பதற்கு ஒரு காரணமும் இல்லை. என் மனைவி மறுத்தாள்.

"இன்னிக்கு செவ்வாக்கெழமை, பெரிம்மா. மரத்துல கத்தி வெக்கக் கூடாது."

"நாளைக்கு வரேன்."

"நாளைக்கும் வேணாம். பூச்சி வுழுந்திருக்குது. பந்தல்ல வெச்சா நல்லா இருக்காது."

எதிர்வீட்டு அம்மாள் மரத்தை மேலும் கீழும் பார்த்தார். "எங்கடி பூச்சி? எல பளபளன்னு கெடக்குது. கல்யாண முருங்கைய வெச்சிக்கிட்டு கல்யாணத்துக்குக் குடுக்க மாட்டேன்றவள இப்பத்தான் பாக்கறேன். ஒனக்கு வயித்துல தங்கலன்னா எங்க புள்ள இன்னா பண்ணுவான்?"

நான் கூடத்தில் இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அம்மாதான் வெளியே வந்து, "அவளுக்கு ஒடம்பு சரியில்ல, நீ போ, நான் வேற எடத்துல சொல்லி அனுப்பறேன்" என்று சமாளித்தாள். அன்றிலிருந்து தெருவில் அவளுக்கு ஒரு பெயர் விழுந்தது. வயிற்றெரிச்சல்காரி என்று. அதன் பிறகு இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தார்கள். இரண்டு பேருக்கும் அவள் இல்லையென்றாள். எனக்கே அது ஒரு மாதிரியாக இருந்தது. இரக்கமுள்ள பெண், பிச்சைக்காரர் வந்தால் தன் சோற்றை எடுத்துப் போடுவாள். ஒரு கொம்புக்கு ஏன் இப்படி என்று புரியவில்லை.

1958 தையில் இரண்டாவது போயிற்று. அது ஐந்து மாதம். அந்த மாசியில்தான் மரம் முதன்முதலாகப் பூத்தது. இந்த மரம் பூக்கும்போது இலையை வைத்துக்கொள்வதில்லை. பனி முடிகிற நேரத்தில் எல்லாவற்றையும் உதிர்த்துவிட்டு வெறுங்கிளையாக நிற்கும். பிறகு கிளை நுனிகளில் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. ஒவ்வொரு பூவிலும் ஒரு பெரிய இதழ் கிளிமூக்கு மாதிரி வளைந்திருக்கும். வாசனை துளியும் இல்லை. யாரும் தலையில் வைப்பதில்லை, மார்க்கெட்டில் விலை போகாது. தேனுக்காகக் காக்கையும் மைனாவும் வந்து காலை முழுக்கச் சத்தம் போடும். அவள் உள்ளே ஒருக்களித்துப் படுத்திருப்பாள். ஜன்னலைச் சாத்தச் சொல்வாள். சாத்தினாலும் சத்தம் கேட்கும்.

அந்த வருஷம் சித்திரையில், மரம் மறுபடி இலை விட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மார்க்கெட்டிலிருந்து வந்தாள். பையை வாங்கி வைத்தேன். கத்தரிக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் அடியில், ஈரத்துணியில் சுற்றி, ஒரு கட்டு முள்முருங்கை இலை இருந்தது.

"வீட்ல மரத்த வெச்சிக்கிட்டு இத ஏன் வாங்கற?"

"சும்மாதான். அது முத்தல்."

"இப்பத்தான் துளுத்திருக்குது. கொழுந்து கொழுந்தா இருக்கு."

அவள் பையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, அம்மா எங்கே என்று கேட்டாள். அம்மா கோவிலுக்குப் போயிருந்தாள்.

"அது நம்ப மரம் இல்லீங்க" என்றாள்.

கல்யாணம் முடிந்து கொம்பை நட்ட பிறகு அவள் தினமும் காலையில் இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம் ஊற்றியிருக்கிறாள். நன்றாகத் துளிர்க்க வேண்டும் என்ற ஆசை. ஒரு மாதம் ஆவதற்குள் கொம்பின் அடி கறுத்து, அழுத்தினால் விரல் உள்ளே போயிற்றாம். யாரிடமும் சொல்லப் பயம். வந்த வீட்டில் கொம்பு செத்தது என்றால் என்ன சொல்வார்கள்? அண்ணனிடம் அழுதிருக்கிறாள். அவர் தோட்டத்துக் கொடிக்காலிலிருந்து அதே கனத்தில் ஒரு கொம்பை வெட்டி, வெற்றிலைச் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா கோவிலிலிருந்து வருவதற்குள் பழையதைப் பிடுங்கிவிட்டு அதே குழியில் இதை வைத்து, மஞ்சளும் பூசிவிட்டாள். தெருப் பெண்கள் வந்து பார்த்து வாழ்த்தியது அதைத்தான்.

"சாமிக்கு வெச்சது செத்துப் போச்சு. நான் ஊர ஏமாத்தி வேற நட்டேன். அது வளருது, எனக்குத் தங்க மாட்டேங்குது. அந்த எலச்சாற எப்படிங்க குடிப்பேன்? அத்தே குடுக்கறத எல்லாம் அதோட வேர்லயே ஊத்திடறேன்."

"அதான் எதிர்வீட்டுக்குக் குடுக்கலியா?"

"இன்னொருத்தி பந்தல்ல கொண்டுபோய் அத நிறுத்தச் சொல்றீங்களா? அந்தப் பொண்ணுக்கும் இப்படி ஆச்சுன்னா?"

நான் படித்ததையெல்லாம் அன்று சொன்னேன். வெட்டின கொம்பை நிழலில் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகு நட வேண்டும். பச்சையாக நட்டுத் தினம் நாலு குடம் ஊற்றினால் எந்தக் கொம்பும் அழுகும். இதில் சாமியும் இல்லை, சகுனமும் இல்லை. யார் நட்டிருந்தாலும் அழுகியிருக்கும்.

பொறுமையாகக் கேட்டாள். "தெருவுல மத்தவங்க வீட்ல அழுவலியே" என்றாள்.

"மத்தவங்க இவ்வளவு ஊத்தியிருக்க மாட்டாங்க."

"அப்போ நான் ஆசப்பட்டதுதான் தப்பா?"

அம்மாவிடம் சொல்லிவிடலாம், அம்மா ஒன்றும் நினைக்க மாட்டாள் என்றேன். என் கையைப் பிடித்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள். "அத்தே என்ன மவளாட்டம் பாத்துக்கறாங்க. இது தெரிஞ்சா அந்த மொகம் மாறிடும். ஒரு கொழந்த பொறக்கட்டும், நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் நீங்க சொல்லக் கூடாது." சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. அம்மா சாறு பிழிந்து கொடுப்பாள், அது மரத்தடிக்குப் போகும். மார்க்கெட்டு இலையை என் மனைவி சமையலறையில் ஒளித்துப் பிழிந்து குடிப்பாள். அலுவலகத்தில் நான் தினமும் மற்றவர்கள் குழந்தைகளைப் பதிந்தேன். தகப்பன்மார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மிட்டாய்ப் பொட்டலத்தோடு வருவார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் கேலி செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார். மாலையில் வீட்டுக்குப் போனால் அவள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், மரத்துக்கு முதுகைக் காட்டி.

1961இல் மூன்றாவது தங்கியது. மூன்று மாதம் தாண்டியது, ஐந்து தாண்டியது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. எதிர்வீட்டு அம்மாள்கூட வந்து வளையல் போட்டுவிட்டு, "நான் பேசினத மனசுல வெச்சிக்காதடி" என்று அவள் கன்னத்தைத் தடவினார். அவள் அந்த நாட்களில் பாடிக்கொண்டே வேலை செய்வாள். பிறந்த பதினாறாம் நாள் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக என்னிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று என்னிடமே ஒத்திகை பார்த்தாள். "மொதல்ல கொழந்தைய அவங்க மடியில வெச்சிடணும். அப்புறம் திட்டினாலும் மெதுவாதான் திட்டுவாங்க."

ஐப்பசியில், நல்ல மழையில், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். குழந்தை ஆண். எல்லாம் சரியாக இருந்தது, நகம்கூட. அழவில்லை. ரத்தப்போக்கு நிற்காமல் அவள் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

பிரெஞ்சு முறைப்படி, உயிரில்லாமல் பிறக்கும் குழந்தைக்குப் பிறப்புப் பதிவேட்டில் இடம் கிடையாது. இறப்புப் பதிவேட்டில் மட்டும், பெயர் இல்லாமல், உயிரற்ற குழந்தை என்று எழுதுவார்கள். அந்த விதி எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அன்று பக்கத்து நாற்காலிக்காரர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை அவர் பதிவேட்டை மூடவில்லை.

பெண்கள் வார்டில் அவள் கட்டில் ஓரத்தில் இருந்தது. நாலாம் நாள் அம்மா கஞ்சி கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன்.

"அத்தே, ஒண்ணு சொல்லணும்."

"குடிச்சிட்டு சொல்லு."

"கெணத்தடியில இருக்கறது நம்ப கல்யாணக் கொம்பு இல்ல. அது அழுவிப் போச்சு. நான்தான் அண்ணன்கிட்ட சொல்லி வேற கொணாந்து நட்டேன். ஒங்கள ஏமாத்திட்டேன். அதான் எல்லாம் இப்படி ஆவுது."

அம்மா கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். "தெரியும்மா" என்றாள்.

அவள் அம்மாவையே பார்த்தாள்.

"அழுவுன கட்டைய வெறகு அடுக்குல சொருவி வெச்சிருந்தியே. பாத்திரம் தேய்க்க வர்றவ பாத்தா தெரு முழுக்க சொல்லிடுவாளேன்னு நான்தான் எடுத்து வெந்நீர் அடுப்புல போட்டேன். அது எரியவும் இல்ல, அவியவும் இல்ல. ரெண்டு நாளு பொகைஞ்சிக்கிட்டே கெடந்துச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சு."

"அப்பவே தெரியுமா?"

"தெரிஞ்சா இன்னா இப்போ? எங்க கல்யாணத்துல நட்டத மூணாம் நாளே ஆடு தின்னுட்டுப் போயிடுச்சு. ஒங்க மாமனாரு தடிய எடுத்துக்கிட்டு ஆட்டுக்காரன தொரத்திக்கிட்டு ஓடினாரு. நாங்க வேற நடவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அஞ்சு பெத்தேன், அஞ்சும் நல்லாத்தான் இருக்குது."

"ஆடு தின்னுடுச்சா?" என்றாள் என் மனைவி. திடீரென்று சிரித்தாள். வயிற்றில் தையல் இருந்தது. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கட்டில் பெண் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குத் தெரியவில்லை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அத்தே? ஏழு வருஷமா நான்..."

அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "நீ மறைக்கணும்னு நெனச்சத நான் எப்படிம்மா எடுத்துப் பேசறது? மருமவ கூச்சப்பட்டுப் போயிடுவாளேன்னு வுட்டுட்டேன். ஒனக்கு இப்படி ஒரு நெனப்பு இருக்குதுன்னு எனக்கு இன்னாத்த தெரியும்? நீ சொல்லலியேடி."

மூன்று பேர் இருந்த வீட்டில் மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. கஞ்சி ஆறிவிட்டது. அம்மா அதைத் தன் முந்தானையால் மூடிவைத்துக்கொண்டு, பார்வை நேரம் முடிகிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆடு தின்ற கதையை முன்பே கேட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மருத்துவம் வேறு, இது வேறு. ஆனால் அந்த ஏழு வருஷத்தை அவள் வேறு மாதிரி கழித்திருப்பாள். தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்பாள். மாசியில் அந்தப் பூவைப் பார்த்திருப்பாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அந்த மரத்தை வெட்டிவிடலாமா என்று என்னைத் தனியாகக் கேட்டாள். என் மனைவி காதில் அது விழுந்தது. "அது இன்னா பண்ணிச்சு, பாவம்" என்றாள். மரம் நின்றது.

1962 ஆகஸ்டில் ஊர் சட்டப்படியும் இந்தியாவுக்கு மாறியது. பிரெஞ்சுப் பிரஜையாக இருப்பதா வேண்டாமா என்பதே எங்கள் அலுவலகத்திலும் தெருவிலும் பேச்சு. எதிர்வீட்டுக் கடைசிப் பெண்ணுக்கு அந்த ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை சொல்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர். கல்யாணம் முடிந்ததும் பெண்ணைக் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிடுவார். மாப்பிள்ளைக்கு இங்கே வீடு இல்லாததால் பந்தலும் எதிர்வீட்டிலேயே போட்டார்கள். எதிர்வீட்டு அம்மாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. பழைய ஞாபகம் இருந்திருக்கும்.

என் மனைவியே கேட்டாள். "அரசாணிக்காலுக்குக் கொம்பு வேணுமா, பெரிம்மா?"

"குடுப்பியாடி?"

"எத்தினி வேணும்னாலும் வெட்டிக்குங்க."

நல்ல நேரான கொம்பாக அவளே பார்த்துக் காட்டினாள். நான் வெட்டிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு அம்மாவும் நானும் போனோம். அவள் வரவில்லை. ஆசீர்வாதம் செய்கிற இடத்தில் தான் நின்றால் யாருக்காவது சங்கடம் என்று நினைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

கொம்பை எதிர்வீட்டுத் தோட்டத்தில் நட்டார்கள். பெண் அடுத்த மாதமே கப்பலேறிவிட்டாள். அவளைத் துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு வந்த சாயங்காலம் என் மனைவி இடுப்பில் ஒரு குடத்தோடு தெருவைக் கடந்து போவதைப் பார்த்தேன். மறுநாளும் போனாள். எதிர்வீட்டு அம்மாளுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

"ஒனக்கு ஏன்டி இந்த வேல? பொழச்சா பொழைக்குது, போனா போவுது."

"போனாலும் ஒண்ணும் ஆவாது, பெரிம்மா. ஒங்க பொண்ணு நல்லாத்தான் இருக்கும். எழுதி வெச்சிக்குங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு ஊத்தற?"

"யாராவது ஊத்தணும் இல்ல?" என்றாள்.

புரட்டாசி முடிவதற்குள் கொம்பு துளிர்த்துவிட்டது. அதை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. பிறகு ஐப்பசி வந்தது. எங்கள் குழந்தை போய் ஒரு வருஷம் முடிகிற மாதம். மழை தொடங்கி, தோட்டமெல்லாம் தண்ணீர் நின்றது. செடிகொடி எதற்கும் யாரும் ஊற்ற வேண்டியதில்லை. சாயங்காலம் ஆனதும் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு, தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மழையில் தெருவைக் கடந்து போனாள். குடத்தில் தண்ணீர் இல்லை. கொஞ்ச நேரம் அந்தக் கொம்பின் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.